அடியெடுத்துக் கொடுத்தவள்

1

இது கதையாக வந்திருக்கவே கூடாது. கலைஞர்கள் சங்கம் ஒன்று என்னிடம் கேட்டது ஒரு கட்டுரை. கலைக்கு அரசாங்கம் ஏன் மானியம் தர வேண்டும் என்று ஒரே பக்கத்தில், சட்டசபை உறுப்பினர்கள் காரில் போகிற போக்கில் படித்து முடிக்கிற மாதிரி எழுதித் தரச் சொன்னார்கள். நானும் பெரிய மனுஷத்தனமாகத் தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். முதல் வாக்கியம் இப்படி வந்தது:

ஒரு சமுதாயம் தன் கலைஞர்களை எப்படி நடத்துகிறது என்பதே அதன்

நிறுத்திவிட்டேன். அடுத்த சொல் என்னவென்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், காரில் போகிற உறுப்பினருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்ததை எழுதித் தொலைப்பானேன்? இரண்டாவது முயற்சி:

தெருவிளக்கு லாபம் பார்க்கிறதா? பூங்கா பெஞ்சு வாடகை கேட்கிறதா? அப்படியிருக்க ஒரு மேடையை மட்டும்

இது கொஞ்சம் தேவலை. ஆனால் தெருவிளக்கை ஞாபகப்படுத்தினால், "நல்லதாப் போச்சு, முதல்ல விளக்கைப் போடுவோம்" என்று கிளம்பிவிடுவார்கள். அதையும் அடித்தேன்.

மூன்றாவது முறை உட்கார்ந்தபோது ஒரு பெண் கட்டுரைக்குள் வந்து ஓரமாக நின்றுகொண்டாள். இது கட்டுரை, இங்கே ஆட்களுக்கு இடமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவள் அசையவில்லை. ஓரமாக நிற்பதுதான் அவள் தொழிலே.

2

அவள் ஒரு நாடகக் குழுவின் ப்ராம்ப்டர். மேடையின் பக்கத்துத் திரைக்குப் பின்னால், சபையின் கண்ணில் படாமல் நின்றுகொண்டு, வசனத்தை மறந்து விழிக்கிற நடிகர்களுக்கு அடியெடுத்துக் கொடுப்பவள்.

அதில் அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. முழு வசனத்தையும் சொல்ல மாட்டாள். முதல் சொல் மட்டும்தான். மீதி நடிகன் வாயிலிருந்து தானாக வர வேண்டும். உள்ளே இருந்தால் வந்துவிடும், உள்ளே இல்லாததை வெளியிலிருந்து ஊட்ட முடியாது என்பது அவள் கட்சி.

வருஷக்கணக்காகக் கிசுகிசுத்தே பழகியதில் அவள் குரல் அப்படியே தங்கிவிட்டது. கடையில் போய் சோப்பு கேட்டாலும் ஏதோ ரகசியம் சொல்லுகிற மாதிரிதான் கேட்பாள். கடைக்காரரும் பயந்துபோய்ச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் எடுத்துத் தருவார். குழுவில் அவளுக்கு முணுமுணு அக்கா என்று பெயர்.

அவள் கணவர் அரசு ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். எந்த நாடகமானாலும் வந்துவிடுவார். கடைசி வரிசையில், கதவை ஒட்டிய நாற்காலியில், காக்கிச் சட்டையோடு உட்காருவார். போன் வந்தால் எழுந்து ஓட வசதியாக இருக்கும்.

(முதல் வரைவில் இவரைத் தபால்காரராக்கி வைத்திருந்தேன். கதை நகரவேயில்லை. வண்டியில் ஏற்றியதும்தான் கிளம்பியது.)

இப்போது சங்கதிக்கு வருகிறேன். அவர்கள் நாடகம் போடுகிற நகர அரங்கு அரசு மானியத்தில் ஓடுகிறது. சட்டசபையின் நிதிக் குழு அந்த மானியத்தை இந்த வருஷம் வெட்டப்போவதாகப் பேச்சு வந்தது. வெட்டினால் அரங்கை மூட வேண்டியதுதான். நாற்காலிக் கடை முதலாளி ஒருவர் கிடங்காக எடுத்துக்கொள்ளலாமா என்று வந்து டேப் வைத்து அளந்துகூடப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவர் மேடையை அளந்தபோது முணுமுணு அக்கா தன் மூலையில்தான் நின்றுகொண்டிருந்தாள். "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்றார் அவர். தள்ளிக்கொண்டாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஒரு பாடு அழுதாள்.

3

வேறு ஆட்களாக இருந்தால், அந்த நிதிக் குழுவிலேயே இருக்கிற தொகுதி உறுப்பினரிடம் ஒரு மனுவைக் கொடுத்துவிட்டு வந்திருப்பார்கள். இவர்கள் நாடகக்காரர்கள். ஒத்திகை பார்த்தார்கள்.

உறுப்பினரிடம் பேச வேண்டியவர் குழுவின் மூத்த நடிகர் கர்ஜனை அண்ணன். "தண்ணி குடு" என்பதைக்கூடப் போர்ப் பிரகடனமாகச் சொல்லக்கூடியவர். சரி, உறுப்பினராக யார் நடிப்பது? ஒருத்தரும் முன்வரவில்லை. எல்லாருக்கும் கலையின் பக்கம் நிற்கத்தான் ஆசை. கடைசியில், மனைவியைக் கூட்டிப்போக வந்த ஆம்புலன்ஸ்காரரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

"நான் என்னண்ணே பேசறது?"

"மனசுல பட்டதைக் கேளுங்க மாப்ள. மெம்பர் என்ன கேப்பாரோ, அதைக் கேளுங்க."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கால்மேல் கால் போட்டுக்கொண்டார். "ஆஸ்பத்திரி வண்டிக்கு டயர் மாத்தவே வழியில்ல. இதுல உங்களுக்கு நாடகம் ஒரு கேடா?"

"பிரமாதம்!" என்று தொடையைத் தட்டினார் அண்ணன். "அந்தக் கோபம் இருக்கே, அதை மட்டும் விட்டுடாதீங்க."

கணவர் நடிக்கவில்லை என்பது முணுமுணு அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டாள்.

"நிஜமாவேதான் கேட்டீங்களா?"

"டயர் மொட்டையா இருக்கு. அதுக்கு நான் என்ன பண்ண?"

"அப்ப அரங்கை மூடிடலாங்கறீங்க."

"அப்படின்னு நான் சொன்னேனா? நாளைக்கு ஒத்திகை எத்தனை மணிக்கு?"

(இந்த மனிதர் எந்தப் பக்கம் என்று எனக்கும் பிடிபடவில்லை. எழுதுகிறவனுக்கே தெரியாமல் ஒரு பாத்திரம் இருக்கலாமா என்று யோசித்தேன். என் வீட்டிலேயே அப்படிச் சிலர் இருக்கிறார்கள் என்று ஞாபகம் வந்ததும் விட்டுவிட்டேன்.)

அப்புறம் தினமும் அதே காட்சிதான். அவர் "ஆஸ்பத்திரி வண்டிக்கு" என்று தொடங்குவார். அண்ணன் பதிலுக்கு நாகரிகத்தைப் பற்றி முழங்குவார். ட்யூட்டி முடிந்து களைத்து வருகிற நாட்களில் அவருக்கு வசனம் மறந்துபோகும். வாயைத் திறந்தபடி மோட்டுவளையைப் பார்ப்பார். உடனே முணுமுணு அக்கா ஓரத்திலிருந்து அடியெடுத்துக் கொடுப்பாள்: "ஆஸ்பத்திரி..." அவர் பிடித்துக்கொள்வார். தன் வேலைக்கே உலை வைக்கிற வசனத்தைத் தானே எடுத்துக் கொடுத்தவள் உலகத்தில் அவளாகத்தான் இருப்பாள்.

4

உறுப்பினருக்கு முதலில் பெரிய மீசை வைத்திருந்தேன். தொந்தி, மோதிரங்கள் எல்லாம் போட்டு ஜோடித்தேன். அவர் கதைக்குள் வந்து உட்கார்ந்ததுமே நீங்கள் அவரை வெறுக்கத் தொடங்கியிருப்பீர்கள். எனக்கு வேலை மிச்சம். ஆனால் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டேன். எதிரே இருப்பவர் கெட்டவர் என்றால் இவர்கள் எதற்கு மெனக்கெட்டுப் போய்ப் பேச வேண்டும்?

ஆகவே: உறுப்பினர் ஒரு குள்ளமான அம்மா. கடுமையான ஜலதோஷம். மூக்கு சிவந்திருந்தது. மேசையில் கோப்புகளைவிடக் கைக்குட்டைகள் அதிகம். தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று ஓடியது. நிறுத்தினால் வியர்க்கும், ஓடினால் தும்மல் வரும். பாவம், இரண்டுக்கும் நடுவில் ஆட்சி செய்துகொண்டிருந்தார்.

கூட வந்த முணுமுணு அக்கா வழக்கம்போல ஓரமாக நின்றுகொள்ள, கர்ஜனை அண்ணன் மார்பை நிமிர்த்தி மூச்சை இழுத்தார். அதற்குள் அந்த அம்மா பேசிவிட்டார்.

"அரங்கு விஷயம்தானே? ஸ்கூல்ல படிக்கும்போது அங்க டான்ஸ் ஆடியிருக்கேன். கால் இடறி விழுந்தேன், அப்பவும் கைதட்டினாங்க. என் ஓட்டு உங்களுக்குத்தான். போதுமா?"

முடிந்தது காரியம். நன்றி சொல்லிவிட்டு எழுந்து வர வேண்டியதுதான். ஆனால் அண்ணனால் எழ முடியவில்லை. இத்தனை நாள் வளர்த்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்? அந்த நேரம் பார்த்து உறுப்பினர் அம்மா, "அப்புறம் பாருங்க..." என்று ஏதோ சொல்ல வந்து நிறுத்தினார்.

தும்மல் வரப் பார்த்தது, வரவில்லை. வாய் திறந்திருக்க, கண் பாதி மூடியிருக்க, முகம் மோட்டுவளையை நோக்கி உயர்ந்திருந்தது. வசனம் மறந்த நடிகன் இப்படித்தான் நிற்பான்.

முணுமுணு அக்கா வழக்கம்போலக் கொஞ்சம் பொறுத்தாள். இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். பிறகு அவள் உதடு, அவளைக் கேட்காமலே, வருஷக்கணக்காகச் செய்துவந்ததைச் செய்துவிட்டது.

"ஆஸ்பத்திரி..."

தும்மல் போன இடம் தெரியவில்லை. அந்த அம்மா சட்டென்று திரும்பினார்.

"ஆமாங்க, ஆஸ்பத்திரி! நல்லவேளை எடுத்துக் குடுத்தீங்க. நேத்து அங்க போயிருந்தேன். வண்டிக்கு டயர் மாத்தவே வழியில்லன்னு ஒரு டிரைவர் என்கிட்ட சண்டைக்கே வந்துட்டாரு. அப்படியே நாடகத்துல பேசற மாதிரி பேசறாரு! எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. இப்ப நான் அரங்குக்குக் கையைத் தூக்கினா, அவருக்கு என்ன பதில் சொல்றது? சொல்லுங்க."

(கொஞ்சம் மிகையாகத்தான் இருக்கிறது. எனக்கும் உறுத்துகிறது. ஆனால் ஊரில் இருப்பது ஒரு ஆஸ்பத்திரி, ஒரு உறுப்பினர், தினமும் ஒத்திகை பார்த்து மெருகேறிய ஒரு டிரைவர். மூன்றும் சந்திக்காமல் போனால்தான் ஆச்சரியம்.)

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் அனுபவஸ்தர், எழுந்துவிட்டார். "நாகரிகம் என்பது..."

"நீங்க இருங்க," என்றார் உறுப்பினர். "ஆஸ்பத்திரின்னு சொன்னது அவங்கதானே? அவங்களே சொல்லட்டும்."

5

(இந்த இடத்தில் அண்ணனின் நாகரிகப் பேச்சு முழுமையாக இருந்தது. கட்டுரை கேட்டவர்களுக்கு அதுதான் பிடித்திருக்கும். எடுத்துவிட்டேன். அண்ணன் இனி என் முகத்தில் விழிக்க மாட்டார்.)

6

முணுமுணு அக்காவுக்கு யார் அடியெடுத்துக் கொடுப்பது? யாருமில்லை. நான்கூட என்னென்னவோ வசனங்களை நீட்டிப் பார்த்தேன், தெருவிளக்கைக்கூட நீட்டினேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"அந்த டிரைவர் எங்க வீட்டுக்காரருங்க."

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

"எங்க வீட்டுக்காரர்! அவர் சொன்னது நியாயம்தான். டயர் மொட்டையாத்தான் இருக்கு. அதை மாத்துங்க. வேண்டாம்னு என் வாயால எப்படிச் சொல்லுவேன், அதுல போறது என் புருஷன் இல்லையா?" மூச்சு வாங்கினாள். "ஆனா அவர் அந்த வண்டியில என்னெல்லாம் பாக்கறாருன்னு வீட்டுல ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு. கேட்டா, 'ஒண்ணுமில்ல, சோத்தைப் போடு'ம்பாரு. நாடகத்துக்கு வந்தா கடைசி வரிசையில உக்காருவாரு. நான் திரைக்குப் பின்னால நிக்கறதால எனக்கு ஒரு முகமும் தெரியாது, சத்தம் மட்டும்தான். அதுல அவர் சிரிப்பு தனியாக் கேக்கும். நல்லா சிரிச்சா, அன்னைக்கு எல்லாரையும் உயிரோட கொண்டுபோய்ச் சேத்துட்டாருன்னு அர்த்தம். சிரிக்க வேண்டிய இடத்துல சிரிக்கலேன்னா... அப்ப வீட்டுக்குப் போய் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். பக்கத்துல உக்காந்துக்குவேன். அரங்கை மூடிட்டா, அவர் எப்படி இருக்காருன்னு நான் எங்க போய்க் கேட்டுக்கறது?"

கர்ஜனை அண்ணன் கைக்குட்டைக்காக மேசைப் பக்கம் கையை நீட்டினார். உறுப்பினர் ஒன்றைத் தள்ளிவிட்டார்.

"டயரும் வேணும், அரங்கும் வேணும்னா நான் என்னம்மா பண்றது?"

"அது எங்களுக்குத் தெரிஞ்சா நாங்களே பண்ணியிருப்போமே. அதுக்குத்தானே உங்களை அனுப்பினோம்?"

அந்த அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, இவ்வளவு நேரம் போக்குக் காட்டிய தும்மல் ஒருவழியாக வந்து சேர்ந்தது. "குழுவுல பாக்கலாம்," என்றார் மூக்கைப் பிடித்தபடி. "எந்தப் பக்கம்னு இப்ப சொல்ல மாட்டேன்."

வெளியே வந்ததும் அண்ணன் வெடித்தார். "கைக்கு வந்த ஓட்டு! நீயே எடுத்துக் குடுத்துக் கெடுத்தியே தாயி!"

"நான் ஒரு சொல்லுதாண்ணே சொன்னேன்," என்றாள் அவள். "மீதி அவங்க உள்ளதான் இருந்துச்சு."

7

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

அ. மானியம் தப்பிக்கிறது. அரங்கில் ஒரே கொண்டாட்டம். ஆம்புலன்ஸ் நான்கு புது டயரோடு வாசலில் வந்து நிற்க (இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.)

ஆ. மானியம் போகிறது. அரங்கு நாற்காலிக் கிடங்காகிறது. உட்கார ஆளில்லாத நாற்காலிகள் மேடையைப் பார்த்தபடி (அழகாக இருக்கிறது. அதனாலேயே வேண்டாம். அவள் ஏற்கெனவே ஒருமுறை அழுதாயிற்று.)

இ. விஷயம் அடுத்த கூட்டத்தொடருக்கு ஒத்திவைக்கப்படுகிறது. (பெரும்பாலும் இதுதான் நடக்கும். ஆனால் இதை எழுதி நான் சம்பளம் வாங்க முடியாது.)

மூன்றையும் ஓரமாக வைத்துவிட்டு, நிச்சயமாக நடந்ததை மட்டும் சொல்கிறேன். நிதிக் குழு கூடிய அன்று பார்வையாளர் மாடத்தில், கடைசி வரிசையில், முணுமுணு அக்காவும் கணவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார். இருந்தாலும் காக்கிச் சட்டைதான். கீழே, மானியம் தொடரலாம் என்பவர்களும் வெட்டலாம் என்பவர்களும் சரிசமம். பாக்கி நம் உறுப்பினர் அம்மா ஒருவர். தலைவர் அவரைப் பார்க்கிறார். அவர் எழுகிறார். வாயைத் திறக்கிறார். சத்தம் வரவில்லை. முகம் மெல்ல மோட்டுவளையை நோக்கி உயர்கிறது.

தும்மலா, யோசனையா என்று மாடத்திலிருந்து தெரியவில்லை.

கணவர் முழங்கையால் இடிக்கிறார். "எடுத்துக் குடேன்."

"இங்க பேசக் கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்கு."

"நீ பேசி எந்தக் காலத்துல யாருக்குக் கேட்டிருக்கு? சும்மா குடு."

"டயரு?"

"டயருக்கு நான் திரும்பவும் போய்ச் சண்டை போட்டுக்கறேன். நீ குடு முதல்ல."

வாசகரே, இதற்கு மேல் என்னிடம் வசனம் இல்லை. அந்த அம்மாவின் இடத்தில் இப்போது நீங்கள்தான் நிற்கிறீர்கள். மூக்கைத் துடைத்துக்கொள்ளுங்கள். மாடத்தில் ஒரு பெண் முன்பக்கம் சாய்கிறாள், அவள் உதடு அசைகிறது. அவள் சட்டம் உங்களுக்குத் தெரியும். ஒரு சொல்தான் தருவாள், தொடரட்டும் என்றாலும் வெட்டுங்கள் என்றாலும் அந்தச் சொல்லில்தான் தொடங்கியாக வேண்டும்:

"நான்..."

மீதியைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். கடைசி வரிசையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.