வேலியைத் தாண்டக் கூடாத கரண்டு

கரண்டு ஆபீஸிலிருந்து வந்த கீர்த்திவாசன் வேலியோரம் நின்று அண்ணாந்து பார்த்தபோதே ஜலீலுக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது. பந்தலூர் பஜாரில் மளிகைக் கடை வைத்துப் பிழைக்கிற மனிதர், தன் வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்கு ஒரு ஒயர் இழுத்தது அப்படி என்ன கொலைக்குற்றம்?

பக்கத்து வீட்டுச் சுடலைமுத்துவுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் மூச்சு. வேலிக்கு இந்தப் பக்கம் பட்டா நிலம். அந்தப் பக்கம் அரசாங்கமும் எஸ்டேட்டும் வழக்காடுகிற நிலம். தீர்ப்பு வரும்வரை அங்கே எந்த வீட்டுக்கும் கரண்டு கிடையாது. ஜலீலுக்கு மீசை முளைக்கும் முன்பிருந்தே அந்த வழக்கு நடக்கிறது.

“பாய், உங்க மனசு புரியுதுங்க. ஆனா அடுத்த ஊட்டுக்குக் கரண்டு குடுத்தா சட்டப்படி திருட்டுங்க.”

“பில்லு நான் கட்டறனுங்க சார். யாருகிட்டத் திருடுனேன்?”

“நியாயம் வேற, சட்டம் வேறங்க. புகார் வந்திருச்சு. ஒயரை எடுக்கலைன்னா உங்க கனெக்‌ஷனையும் வெட்டச் சொல்லிட்டாங்க.”

“அப்ப அந்த மனுசன் எதுலீங்க மூச்சு விடுவாரு? நியாயத்துலயா, சட்டத்துலயா?”

கீர்த்திவாசன் ஷூவில் அப்பிய சேற்றை வேலிக்கம்பில் தேய்த்தார்.

ஜலீலின் மனைவி சைனம்பு உள்ளேயிருந்து வந்தாள். அவளுக்குப் பொறுமை கணவனைவிடக் குறைச்சல். “ஏனுங்க சார், எங்க ஊட்டுக்கு விருந்தாளி வந்து தங்குனா ஃபேன் போடலாமுங்களா?”

“தாராளமாப் போடுங்க. உங்க ஊடு, யாரு வேணும்னாலும் தங்கலாம்.”

“அப்ப அவரைத் தூக்கிட்டு வாங்க. கரண்டுதான வேலி தாண்டக் கூடாது? மனுசன் தாண்டலாமில்ல?”

மெஷினை அணைத்துவிட்டு, சுடலைமுத்துவைக் கட்டிலோடு தூக்கினார்கள். தலைமாட்டில் ஜலீல், கால்மாட்டில் கீர்த்திவாசன். மெஷினைச் சுமந்துகொண்டு சுடலைமுத்துவின் மனைவி மாலதி முன்னால் ஓடினாள். சேறு வழுக்கியது. சுடலைமுத்துவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டே வந்தது. ஜலீலுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து பொங்கின. ஒரு ஒயர் சும்மா கிடந்து பார்த்த வேலைக்கு இத்தனை பேர், சட்டம் சுகமாக இருக்கட்டுமென்று!

ஜலீல் வீட்டு முன்னறையில் மெஷின் மறுபடி ஓடியது. கீர்த்திவாசன் வெளியே போய் ஒயரை அறுத்துச் சுருட்டிவிட்டு வந்தார்.

அப்போதுதான் சுடலைமுத்துவுக்குப் பேச்சு வந்தது. “நம்ம ஊட்டுக்கு எப்ப புள்ள போறது?” என்று மாலதியிடம் கேட்டார். சிலோனிலிருந்து வந்து, அவர் கையாலேயே கட்டிய வீடு.

மாலதி கீர்த்திவாசனைப் பார்த்தாள்.

“வழக்கு முடிஞ்சதும்…” என்று அவர் ஆரம்பித்தார்.

ஜலீல் கையெடுத்துக் கும்பிட்டார். “சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும். பேசாமப் போயிருங்க.”