வேர் நுனியில் இருந்தது

தங்கையின் பல்லுக்கு அக்காள் இரண்டு முறை ரூட் கெனால் செய்தாள். இரண்டு முறையும் ஈறு மறுபடி வீங்கியது. மூன்றாவதாக ஈறைக் கிழித்து, வேர் நுனியில் மண்டியிருந்த சதையைச் சுரண்டி எடுத்தாள். அதைத் தோழியின் ஆய்வகத்துக்கு அனுப்பினாள். தோழி அப்படிப்பட்ட சதைகளில் வைரஸ் தேடுகிறவள்.

தோழி போனில் சொன்னாள்: "இருக்குடி. ஆனா எச்சில்ல பரவுற இந்த வைரஸ் பத்துல ஒன்பது பேருக்குச் சின்ன வயசுலயே வந்துடும். சும்மா தூங்கிட்டு இருக்கும். வேர்ல பாக்டீரியா புகுந்து வீங்கினா முழிச்சுக்கிட்டு அதுக்குச் சாமரம் வீசும். நீ வேர்க்குழாயை ஒழுங்கா அடைச்சியான்னு முதல்ல பாரு."

அக்காள் பார்த்தாள். இம்முறை பக்கவாட்டில் சாய்த்து எடுத்த எக்ஸ்ரே. அவள் அடைத்த குழாய்க்குப் பின்னால் இன்னொன்று, யாரும் தொடாமல், மயிரிழையாக ஓடியது. கைராசி என்று ஊரே கொண்டாடும் கை. திரையை அணைத்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு தங்கையின் கணவன் வந்தான். கப்பலில் சமையல்காரன், வருடத்தில் பாதி கடலில்தான். பின்னால் தங்கை, கன்னத்தைப் பிடித்தபடி.

"என்ன அண்ணி, ஒரு பல்லுக்கு மூணு தடவையா? நான் ஒரே குண்டாவை மூணு தடவை அடிப்பிடிக்க விட்டா, என்னையே தூக்கிக் கடல்ல போட்டுருவாங்க."

வீங்கிய வாய் கோண, தங்கை சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் அக்காளைச் சுட்டது.

"என் வேலையில குறை இல்ல தம்பி. உள்ள வைரஸ் இருக்கு."

"வைரஸா? எப்படி வந்துச்சு?"

"எச்சில் மூலமா." கையுறையை விரல் விரலாகக் கழற்றினாள். "முத்தத்துல வரும்."

அவன் சிரிப்பு நின்றது. மனைவியின் பக்கம் திரும்பினான்.

"எனக்குப் பல்லெல்லாம் நல்லாத்தானே இருக்கு," என்றான் மெதுவாக.

"அக்கா, என்னக்கா இது? அவர்கிட்ட சரியாச் சொல்லுக்கா!"

அக்காள் கருவிகளைக் கழுவத் தொடங்கினாள்.

அடுத்த விடுமுறைக்கு அவன் வீட்டுக்கு வரவில்லை. தங்கை பெட்டியோடு அக்காள் வீட்டுக்கு வந்தாள். வலி மட்டும் விட்டபாடில்லை.

"பிடுங்கிடுக்கா. என் சொல்லையே யாரும் நம்பல. பல்லை வச்சுக்கிட்டு என்ன பண்ண?"

பிடுங்கினாள். விளக்கில் உயர்த்திப் பிடித்தாள். வேர் நுனியில் இரண்டு துளைகள். ஒன்று அடைபட்டது, மற்றது கறுப்பாகத் திறந்திருந்தது.

பஞ்சைக் கடித்தபடி தங்கை தலையைத் தூக்கினாள். "வைரஸ் கண்ணுக்குத் தெரியுதாக்கா?"

"தெரியுது," என்றாள் அக்காள். பல்லைக் குப்பைத் தொட்டியில் போட்டு மூடினாள். "வாயை நல்லா மூடிக்கோ. பேசினா ரத்தம் நிக்காது."