வண்டி போகாத தீவு

"அங்க போலாம்னு மொதல்ல சொன்னது யாரு?"

அர்ஹந்த் நான்காவது முறையாக அதே பதிலைச் சொன்னான்.

"அவதாங்க."

ஆர்.டி.ஓ. அம்மா தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். முண்டியம்பாக்கம் மருத்துவமனைப் பிணவறையை ஒட்டிய சின்ன அறை. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் இறந்துபோனால் அவர்தான் வந்து விசாரிக்க வேண்டும் என்று போலீஸ் எழுத்தர் சகாயராஜ் காலையிலேயே சொல்லியிருந்தார். அர்ஹந்துக்கும் ஹர்ஷினிக்கும் கல்யாணமாகிப் பதினான்கு மாதம்.

"வண்டியே போவாத தீவுங்க மேடம். ஆம்புலன்ஸ் வராது, கடை கண்ணி கிடையாது. ஒரு பொண்ணு அங்க போலாம்னு கேட்டுச்சாம்." கதவருகே நின்றிருந்த ஸ்ரேயான்ஸ் சொன்னான். ஹர்ஷினியின் சித்தப்பா மகன். செய்தி கேட்டு ராத்திரியே சென்னையிலிருந்து வந்தவன்.

"நீங்க வெளில இருங்க தம்பி."

"இருக்கேங்க. மாப்ள காலேஜ்ல கெமிஸ்ட்ரி வாத்தியாரு வேற. அவருக்குத் தெரியாத மருந்தா?" போகிற போக்கில் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போனான்.

அர்ஹந்த் மறுபடியும் முதலிலிருந்து சொன்னான். விழுப்புரத்தில் அவர்கள் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். ஒரு நாளாவது ஹார்ன் சத்தம் கேட்காமல் இருக்க வேண்டும் என்று ஹர்ஷினி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மரக்காணம் பக்கம் உப்பங்கழியில் இப்படி ஒரு தீவு இருப்பதைப் போனில் கண்டுபிடித்ததும் அவள்தான். சைக்கிளைக்கூடப் படகில் ஏற்ற மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சை சாதமும் வாழைக்காய் வறுவலும் கட்டிக்கொண்டு போனார்கள். பதினொன்றரைக்கு அவள் கழுத்தில் ஒரு தேனீ கொட்டியது. பத்து நிமிடத்தில் உதடு தடித்தது. பிறகு முகம். முதுகில் போட்டுக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினான். தண்ணீர் வற்றியிருந்தது. படகு அக்கரையில் இருந்தது. திண்டிவனம் ஆஸ்பத்திரியில் நாடி பார்த்தவர் கையை எடுத்துவிட்டார்.

"தேனீ ஒண்ணா, கூட்டமா?"

"ஒண்ணுதாங்க."

சொல்லச் சொல்ல அவனுக்கே நம்பும்படி இல்லை. ஒரு லாரி என்றால் நம்புவார்கள். ஒரு பாம்பு என்றால்கூட நம்புவார்கள்.

"நூத்தியெட்டுக்குப் பதினொண்ணு அம்பத்திரண்டுக்குப் பேசியிருக்கீங்க. அதுக்கு முன்னாடி, நாப்பத்தாறுக்கு, உங்க மாமியாருக்கு. மூச்சுத் திணறுறவள வெச்சுக்கிட்டு மாமியாருக்கு எதுக்குப் போன்?"

"அம்மாவுக்குப் போடுங்கன்னு அவதான் சொன்னா."

"என்ன பேசினீங்க?"

அர்ஹந்த் வாயைத் திறந்தான். அப்போதுதான் அது அவன் காதில் விழுந்தது. நேற்று ஓட்டத்தில் விழாதது. 'அத்தை, ஹர்ஷினிக்கு மூச்சு வாங்குது' என்றுதான் அவன் சொன்னான். வேறொன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து உடனே ஒரு கேள்வி வந்தது.

'தேனீயா?'

"சொல்லுங்க."

"உடம்பு முடியலன்னு சொன்னேங்க. ஜல்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போங்கன்னாங்க."

அவர் பேனாவை மூடினார். "உங்க மாமனாரு இன்னும் வாக்குமூலம் குடுக்கல. சந்தேகம் இருக்குன்னு அவரு எழுதிட்டா கேஸ் வேற மாதிரி போயிடும். நீங்க போலீஸோட இருக்க வேண்டி வரும். இன்னிக்குக் காரியத்துக்குப் போவ முடியாது. புரியுதா?"

புரிந்தது. அவளுக்கு அவன் கொள்ளி வைக்க முடியாது.

வெளியே வேப்பமரத்தடியில் மாமனார் பாலசந்திரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். திண்டிவனத்துக்கு மேற்கே மல்லாட்டை மண்டி வைத்து நிலக்கடலை வியாபாரம் செய்பவர். உயிர் போன உடம்பை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது, அதில் சிற்றுயிர்கள் பெருகும், பிறகு அத்தனையும் தீயில் போகும் என்பது அவர்கள் ஜைனக் குடும்பங்களில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். நேற்று மதியத்திலிருந்து அவர் மணியை எண்ணிக்கொண்டிருந்தார். ஆனாலும் அந்த அறைக்குள் போகாமல் இருந்தார்.

படகோட்டி விருத்தாசலம் சாட்சி சொல்லிவிட்டு வந்து ஸ்ரேயான்ஸிடம் மாட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் சிரிச்சிக்கினுதான் சார் படகு ஏறுனாங்க. நான் பாத்தத சொல்லிட்டேன்."

"சிரிச்சா ஆச்சா? சாப்பாட்டுல என்ன இருந்துச்சுன்னு நீ பாத்தியா?"

"அதெப்பிடி சார் நான் பாப்பேன்? நல்லா இருக்குதே பேஜாரு."

ஸ்ரேயான்ஸ் பாலசந்திரன் பக்கம் திரும்பினான். "சந்தேகம் இருக்குன்னு எழுதிக் குடுங்க பெரியப்பா. கொள்ளி நான் வெக்கறேன்."

பாலசந்திரன் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அர்ஹந்துக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வேப்பம்பூ காலத்தில் அவள் ஜன்னலைத் திறக்க விடமாட்டாள். தூசி என்பாள். பழச்சாறு கடை என்றால் ரோட்டிலேயே நின்றுகொள்வாள். நேற்றுகூடத் தீவில், பூத்துக்கிடந்த மரத்தைப் பார்த்துவிட்டு, "வெயில்லயே ஒக்காரலாங்க" என்றாள். "கருத்துப் போயிடுவ, வா" என்று கையைப் பிடித்து நிழலுக்கு இழுத்தது அவன்தான். ஒரு நிமிடம் அவன் முகத்தைப் பார்த்தாள். எதையோ சொல்ல வந்தாற்போல இருந்தது. பிறகு வந்து உட்கார்ந்தாள்.

அதை அவன் ஆர்.டி.ஓ.விடம் சொல்லவில்லை.

மாமியார் ஞானமதி குழாயடிப் பக்கம் சிமெண்டு பெஞ்சில் தனியாக இருந்தாள். அவன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அத்தை, நான் தேனீன்னு சொல்லலையே. மூச்சு வாங்குதுன்னுதான சொன்னேன்."

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். திரும்பவும் சுற்றினாள்.

"ஒம்போது வயசுல ஒரு தடவ," என்றாள். "களத்துல வெளையாடிக்கினு இருந்தா. மூணு நாளு கண்ணத் தொறக்கல. இன்னொரு வாட்டி கொட்டுனா ஒடம்பு தாங்காது, ஊசி ஒண்ணு கைலயே வெச்சிக்கினு இருக்கணும்னாரு டாக்டரு."

"எங்கிட்ட யாரும் சொல்லல."

"பொண்ணு பாக்க வந்தீங்களே, அன்னிக்கே நான் சொல்லலாம்னேன். உங்க மாமாதான் வேணான்னாரு. நம்மள்ல இருக்கறதே எண்ணி நாலு வூடு, ஒரு வூட்டுல சீக்காளின்னு பேரு வந்துச்சுன்னா அடுத்த வரன் எங்கேந்து வரும்னாரு. கல்யாணம் முடியட்டும், அப்பறமா சொல்லிக்கலாம்னாரு. முடிஞ்சப்பறம் சொன்னா, மறைச்சது தெரிஞ்சிடுமே."

"அவளும் சொல்லலையே."

"கோயில்ல வெச்சு அவகிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

யாரோ குழாயைத் திறந்து முகம் கழுவிவிட்டுப் போனார்கள். ஹர்ஷினி சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். நிழலில் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"அப்ப மாமாவுக்குத் தெரியும். தெரிஞ்சும் எம்மேல எதுக்கு சந்தேகம்?"

"உங்கமேல இல்லன்னா வேற யாரு மேல தம்பி படுவாரு?"

முந்தானையை விட்டுவிட்டு அவளே கேட்டாள். "நான் கேட்டத உள்ள சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

ஞானமதி எழுந்து வேப்பமரத்தடிக்குப் போனாள். புருஷனிடம் என்ன சொன்னாள் என்பது கேட்கவில்லை. நீளமாக எதுவும் சொன்னதாகவும் தெரியவில்லை. பாலசந்திரன் ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு ஸ்ரேயான்ஸின் கையை விலக்கிவிட்டு அறைக்குள் போனார்.

கால் மணி நேரத்தில் அர்ஹந்தையும் கூப்பிட்டார்கள். ஆர்.டி.ஓ. வாக்குமூலத்தை வாசித்தார். மகளும் மருமகனும் ஒற்றுமையாக வாழ்ந்தார்கள், மருமகன் மீதோ வேறு யார் மீதோ எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

"ஒரு கேள்வி," என்றார். "பொண்ணுக்கு முன்னாடி எப்பவாச்சும் இந்த மாதிரி ஆயிருக்கா? அலர்ஜி எதுனா?"

பாலசந்திரன் மேசை விளிம்பைப் பார்த்தார்.

"இல்லிங்க."

"உங்களுக்கு எதுனா தெரியுமா?" என்று அர்ஹந்திடம் கேட்டார்.

மாமனாரின் விரல்கள் கடிகாரத்தின் மேல் இருந்தன. அவர் மணி பார்க்கவில்லை.

"தெரியாதுங்க," என்றான் அர்ஹந்த்.

சகாயராஜ் காட்டிய இடத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பிரேதப் பரிசோதனை முடிந்து மூன்றரை மணிக்கு உடலைக் கொடுத்தார்கள். தொண்டை உள்ளே நன்றாக வீங்கியிருந்தது என்று மட்டும் டாக்டர் வாயால் சொன்னார். மற்றதெல்லாம் அறிக்கை வந்தால்தான். வேன் திண்டிவனம் தாண்டி மேற்கே திரும்பியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அவளை வீட்டில் அரை மணி நேரம்கூட வைக்கவில்லை.

சுடுகாட்டில் விறகு வந்து இறங்கியிருந்தது. பாலசந்திரன் யாரையும் அடுக்க விடவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கட்டையாக எடுத்துத் தரையில் தட்டினார். பொந்தும் பட்டையும் இருக்கிற இடத்தில் ஊதிப் பார்த்தார். எறும்போ கரையானோ இல்லை என்று தெரிந்த பிறகே வைத்தார். ஒரு கட்டையிலிருந்து சிற்றெறும்புகள் புறப்பட்டன. அதைத் தூரமாக எடுத்துப் போய் வேலியோரம் வைத்துவிட்டு வந்தார்.

"நேரம் ஆவுது பெரியப்பா," என்றான் ஸ்ரேயான்ஸ்.

"ஆவட்டும்."

அர்ஹந்த் எதிரே உட்கார்ந்து ஒரு கட்டையை எடுத்தான். தட்டினான். திருப்பி ஊதிப் பார்த்தான். நீட்டினான். பாலசந்திரன் அதை வாங்கி, தானும் ஒருமுறை தட்டி, எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டு வைத்தார். அடுத்ததையும் அப்படியே செய்தார். அதற்கடுத்ததையும்.

குவியல் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. அர்ஹந்த் பட்டை உரிந்த ஒரு கட்டையைத் தட்டி, பொந்துக்குள் விரல் விட்டுப் பார்த்து, நீட்டினான். பாலசந்திரன் வாங்கினார். கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் இருந்தார். பிறகு அதைத் திருப்பிப் பார்க்காமல் அடுக்கின் மேல் வைத்துவிட்டு, அடுத்ததற்குக் கையை நீட்டினார்.