கஸ்பர் முன்னால் உயர்ந்த கை

சுவிட்சர்லாந்து மலையூரான வல்மேலாவின் ஊர்ச்சபைக்கு அன்று பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடம் போதவில்லை. வழக்கமாகப் பாதி நாற்காலி காலியாகத்தான் கிடக்கும். குடிநீர்க் குழாய்க்கும் பனி அள்ளும் வண்டிக்கும் யார் மெனக்கெட்டு வந்து கை தூக்குவார்கள்? அன்று விஷயம் வேறு. பிள்ளைகளுக்கு இனியும் ஊரின் சொந்த மொழியான ரொமான்ஷில் பாடம் நடத்துவதா, ஜெர்மனுக்கு மாற்றிவிடுவதா என்பதை ஊரே முடிவு செய்ய வேண்டும். தலைநகர் பெர்னிலிருந்து எவரும் வந்து காப்பாற்றப் போவதில்லை.

தபால் பஸ் ஓட்டும் மேங்கியாவுக்கு இதில் சொந்தக் கவலையும் இருந்தது. அவளுடைய இரட்டைப் பெண்கள் அடுத்த வருஷம் முதல் வகுப்பில் சேர வேண்டியவர்கள். அதுமட்டுமா? போன சபையில் தொண்டை வற்றக் கத்தி, ஊரில் குடியிருக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் இங்கே ஓட்டு உண்டு என்று தீர்மானம் போட வைத்தவளே அவள்தான். அந்த ஓட்டால் இன்று ரொமான்ஷ் தோற்றால், அவளை உயிரோடு தோலுரித்துவிடுவார்கள்.

"வந்துட்டாங்க பாரு உன் ஆளுங்க," என்று அண்ணன் துமாஷ் அவள் காதைக் கடித்தான். பின்வரிசையில் ஓட்டல் வேலைக்காரர்களான போர்த்துகீசியர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். "ஜெர்மன் வேணும்னு மனு கொடுத்ததே அவங்க முதலாளி கஸ்பர்தான். அவன் கண்ணு முன்னால அவங்க எப்படிம்மா நம்ம பக்கம் கை தூக்குவாங்க? வீட்டுச் சாவியை நீயே எடுத்துக் கொடுத்துட்டியே, மகராசி!"

"வாயை மூடுண்ணே."

மூடச் சொன்னாளே தவிர, அவளுக்கும் அதே பயம்தான். முன்வரிசையில் கஸ்பர் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, பின்வரிசையைப் பார்த்தபடி சாவகாசமாக உட்கார்ந்திருந்தான். என்ன திமிர்!

மேங்கியா எழுந்தாள். "தலைவரே, சீட்டு எழுதி ரகசியமா ஓட்டு எடுக்கலாம். கால்வாசிப் பேர் கேட்டாப் போதும்னு நம்ம ஊர்ச் சட்டத்துலயே இருக்கு."

எகிறிக் குதித்தவர்கள் கஸ்பர் ஆட்கள் அல்ல, அவள் பக்கத்து ஆட்களே! "ஒளிஞ்சு ஓட்டுப் போட நாம என்ன திருடங்களா? பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து இங்க கையைத் தூக்கித்தான் பழக்கம்!" என்று முதலில் கத்தியதே துமாஷ்தான். அட மானஸ்தர்களா! மொழி போனாலும் போகட்டும், வழக்கம் போகக் கூடாதாம். ரகசிய ஓட்டு கேட்டு உயர்ந்த கைகள் கால்வாசிக்கு எட்டவில்லை. மேங்கியாவுக்கு அழுகை முட்டியது.

"ரொமான்ஷே இருக்கட்டும்னு சொல்றவங்க கை தூக்குங்க," என்றார் தலைவர் பிளாச்சி.

முன்னாலும் நடுவிலும் கைகள் எழுந்தன. பார்த்தாலே தெரிந்தது, போதாது. பின்வரிசையில் ஒரு கைகூட இல்லை.

அப்போதுதான் அங்கே இடாலினா எழுந்து நின்றாள். கஸ்பரின் ஓட்டலில் அறை சுத்தம் செய்பவள். எழுந்தவள் வலது கையை நேராக மேலே நீட்டினாள்.

"யோசிச்சுத் தூக்கு, இடாலினா," என்றான் கஸ்பர்.

"யோசிச்சாச்சு முதலாளி." அவள் பதில் சுத்தமான ரொமான்ஷில் வந்ததைக் கேட்டுக் கூடமே திரும்பிப் பார்த்தது. "உங்ககிட்ட ஜெர்மன்லதான் வேலை பாக்கறேன், அதுல ஒரு குறை சொல்லுங்க பாப்போம். ஆனா என் பொண்ணு கோவம் வந்தா என்னை ரொமான்ஷ்லதான் திட்டறா. இனிமே வேற மொழியில திட்டு வாங்க எனக்குத் தெம்பு இல்ல."

கூடம் வெடித்துச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "எங்களையும் மனுஷங்கன்னு மதிச்சு ஓட்டு கொடுத்தது இந்த மொழி பேசறவங்க. அதை மறந்துட்டு நான் எப்படி உக்காந்திருக்கறது?"

அவள் பக்கத்தில் ஒரு கை எழுந்தது. அப்புறம் ஒன்று. அப்புறம் பின்வரிசை முழுவதும்! கஸ்பர் நாற்காலியை முன்பக்கமாகத் திருப்பிக்கொண்டான்.

எண்ணுகிறவர்கள் இரண்டு தடவை எண்ணினார்கள். எதிர்ப்பக்கத்தையும் எண்ணிவிட்டுப் பிளாச்சி, "ரொமான்ஷ் ஜெயிச்சுது!" என்று மேசையைத் தட்டினார். துமாஷ் நேரே பின்வரிசைக்குப் போய் ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக் குலுக்கினான். மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. மேங்கியா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். ஜெயித்துவிட்டோமடி!

இடாலினாவின் கை மட்டும் மறுபடி மேலே போயிருந்தது.

"ஓட்டு முடிஞ்சுதும்மா, கையை இறக்கு," என்றார் பிளாச்சி.

"இருக்கட்டும் தலைவரே," என்றாள் அவள். "இந்த ஊருக்கு வந்த நாள்லேருந்து கீழயேதான் கெடந்துச்சு. கொஞ்ச நேரம் மேல இருக்கட்டும்."