காதுக்காக ஒரு கப் யோகர்ட்

சேரனுக்கு இடது காது மந்தம். சின்ன வயதில் அதில் சீழ் வேறு வடிந்துகொண்டிருந்தது. தஞ்சாவூரில் ஒரு காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்கும் அளவுக்கு நீளமான ஒரு வியாதிப் பெயரைச் சொன்னார். ஊரில் ஒருவரும் அதை நம்பவில்லை. உண்மையான காரணம்தான் எல்லோருக்கும் தெரியுமே. சேரன் வயிற்றில் இருந்தபோது அவன் அம்மா ஈஸ்வரி, இறால் வைத்து எண்ணெயில் சுடுகிற நாகூர் வாடா கேட்டாள். வாங்கிவரப் போன அவள் தம்பி துரைராசு வெறுங்கையோடு திரும்பி வந்தார். பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டது கிடைக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும். வெண்ணாற்றங்கரையில் இது சட்டம். மேல்முறையீடு கிடையாது.

துரைராசு இன்றுவரை குற்றத்தை ஒப்புக்கொண்டதில்லை. வாடா வாங்கியது உண்மை, பஸ் ஏறியதும் உண்மை. பக்கத்து சீட்டில் ஒரு பூனை டிக்கெட் எடுத்து வந்து உட்கார்ந்ததாம். திருவாரூர் தாண்டி இவர் லேசாகக் கண்ணசந்திருக்கிறார். விழித்துப் பார்த்தால் பூனையும் இல்லை, பொட்டலமும் இல்லை. கண்டக்டர் மீதிச் சில்லறையைக்கூட அந்தப் பூனையிடம்தான் கொடுத்திருந்தார் என்பது துரைராசு கையோடு வைத்திருக்கும் சாட்சி.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். சேரன் துரைராசுவின் மடியில் உட்கார்ந்தான். காதில் வடிந்தது அத்தனையும் சொந்தபந்தம் பார்த்திருக்கப் பட்டு வேட்டியில் இறங்கியது. அந்தக் கறை இன்னும் போகவில்லை என்பாள் ஈஸ்வரி. அந்த வேட்டியே இப்போது இல்லை என்பார் துரைராசு.

இப்போது தாய்மாமன் ஆகும் முறை சேரனுக்கு. பெங்களூரில் வேலை பார்க்கும் தங்கை செம்மொழி, ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் அவளுக்கு மற்றவர்கள் செய்ததில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை. வேலையை வீட்டுக்கும் எடுத்து வந்திருந்தாள்.

"அண்ணே, யோகர்ட் சாப்பிடணும்போல ஆசையா இருக்கு."

வலது காதுப் பக்கம்தான் சொன்னாள். சேரனின் கை தானாக இடது காதுக்குப் போனது.

"தயிருதானே? ஃப்ரிட்ஜ்ல இருக்கு, எடுத்துத் தின்னு," என்றாள் ஈஸ்வரி.

"தயிர் இல்லம்மா. யோகர்ட்."

"ரெண்டுக்கும் என்னடி வித்தியாசம்?"

"தயிர் சோத்துக்கு. யோகர்ட் ஸ்பூனுக்கு. ரோஸ் கலர்ல, பழம் போட்டு, சின்னக் கப்புல வரும்."

"சோத்தையே ஸ்பூன்ல திங்கிறவங்கதானடி நீங்க."

இந்தப் பேச்சு வாசலைத் தாண்டுவதற்குள் மெலிந்து, தெருக்கோடிக்குப் போகும்போது, 'பிள்ளைத்தாய்ச்சி தயிர் கேட்டாளாம், வீட்டில் இல்லையாம்' என்று ஆகிவிட்டது. பிள்ளைத்தாய்ச்சி கேட்டதைக் கொடுக்காத ஊர் என்று பெயர் வாங்க யாருக்கு மனம் வரும்? விளக்கு வைப்பதற்குள் வீடு முழுக்கத் தயிர். சட்டியில் வந்தது, தூக்குவாளியில் வந்தது, ஒருத்தர் குக்கரோடு வைத்துவிட்டுப் போனார். ஈஸ்வரி அந்த வாரம் முழுக்க மோர்க்குழம்பு வைத்தாள். தெருநாய்கூடப் புளிச்ச ஏப்பம் விட்டுக்கொண்டு, திருடனைப் பார்த்தும் குரைக்க முடியாமல் படுத்துக் கிடந்தது.

சேரன் மறுநாளே தஞ்சாவூர்ப் பெரிய கடையில் ரோஸ் நிறக் கப் ஒன்றை வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். செம்மொழி அதைத் திறக்கவில்லை. தலைகீழாகக் கவிழ்த்து அடியில் எறும்பு மாதிரி ஓடிய எழுத்துகளைப் படித்தாள்.

"வேணாம்ண்ணே. கார்ன் சிரப் இருக்கு."

"அப்படின்னா?"

"மக்காச்சோளப் பாகு. சர்க்கரைக்கு அண்ணன். எனக்கு சுகர் பார்டர்ல நிக்குது, பழம் அளவாத் தின்னலாம், பாகு எதுவும் ஆகாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

"பெங்களூர்ல இதைத்தானே தின்னே?"

"அப்ப படிக்கல. இப்ப படிக்கிறேன்."

ஆசையும் அவளுடையது, தடையும் அவளுடையது. நடுவில் மாட்டிக்கொண்டது இன்னும் பிறக்காத ஒரு காது.

சேரனுக்குச் சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி இருந்தது. லோடு எங்கே கிடைக்கிறதோ அங்கே போவான். இப்போது போகிற ஊரிலெல்லாம் யோகர்ட் தேடினான். எழுத்து பொடியாக இருந்ததால் ஒரு லென்ஸ் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். லென்ஸோடு கப்பைக் கவிழ்த்துப் படிக்கிறவனைக் கண்டதும் கடைக்காரர்கள் உணவு ஆபீஸர் என்று முடிவு செய்து டீ வரவழைத்தார்கள். கும்பகோணத்தில் ஒரு கடைக்காரர், இவன் வண்டியை நிறுத்தி இறங்கி வருவதற்குள் தேதி முடிந்த பிஸ்கட் பாக்கெட்டுகளையெல்லாம் தானே தின்று தீர்த்துவிட்டார். இவன் கேட்ட கேள்விக்கு அவரால் இரண்டு நாள் கழித்துத்தான் வாயைத் திறந்து பதில் சொல்ல முடிந்தது. இல்லை என்பதுதான் பதில்.

பேராவூரணியில் தேங்காய் ஏற்றும்போது வியாபாரியிடம் கேட்டான். "இதுக்கா அலையுறீங்க? தேங்காப்பால்ல உறை ஊத்துங்க," என்றார் அவர். எதைக் கேட்டாலும் தேங்காயில் செய்யலாம் என்பார்கள் அந்த ஊரில். டயர் பஞ்சர் என்றாலும் தேங்காய் நாரைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

சுவாமிமலையில் நடராஜர் ஒருவரை வைக்கோல் சுற்றி வண்டியில் ஏற்றினான். சிலை வார்த்த ஸ்தபதி ராஜராஜனிடமும் கேட்டு வைத்தான். ராஜராஜன் யோசித்துவிட்டு, "கப்பு வேணும்னா வெண்கலத்துல ஊத்தித் தர்றேன் தம்பி. உள்ள இருக்கிறதுக்கு நான் பொறுப்பில்ல," என்றார்.

ஒரு கப்பில் பாகு இருந்தது. பாகு இல்லாததில் சர்க்கரை இருந்தது. இரண்டும் இல்லாத ஒன்று கிடைத்தது. அதில் பழமும் இல்லை, ரோஸும் இல்லை. செம்மொழி ஒரு ஸ்பூன் வாயில் வைத்துவிட்டு, "இது தயிர்," என்றாள். "மொத நாளே நான் சொன்னேன்," என்றாள் ஈஸ்வரி.

சாயங்காலம் வண்டி வந்து நிற்கும் நேரத்துக்குச் சரியாகத் துரைராசுவும் காபிக்கு வந்துவிடுவார்.

"என்ன மாப்ள, இன்னைக்கும் வெறுங்கையா?"

"கிடைச்சிரும் மாமா."

"கிடைக்கலைன்னாலும் கவலைப்படாத. காதுகுத்துக்கு நானே ஒரு பிளாஸ்டிக் ஷீட் வாங்கியாறேன். மடியில விரிச்சுக்க. அந்தக் காலத்துல எனக்கு அந்த யோசனை தோணல."

அன்று இரவு சேரன் படுக்கையில் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். துரைராசு மாமாவுக்காவது ஒரு பூனை இருந்தது. தனக்குச் சொல்லிக்கொள்ள அதுகூட இல்லையே என்று நினைத்தான்.

ஆனி கடைசியில், பாபநாசம் சாலையோரம் ஒரு அம்மா கூடையில் நாவல்பழம் வைத்திருந்தாள். வண்டியை ஓரங்கட்டி ஒரு பழத்தை வாயில் போட்டான். கண்ணாடியில் நாக்கைப் பார்த்தான். ரோஸைத் தாண்டி ஊதாவுக்கே போயிருந்தது. கூடையோடு வாங்கிக்கொண்டான்.

வீட்டில் அம்மாவும் மகனும் செம்மொழிக்குத் தெரியாமல் வேலையைத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டுக் குந்தவை அக்காவின் மாட்டுப்பாலைச் சுண்டக் காய்ச்சி உறை ஊற்றி, தயிரை வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டார்கள். காலையில் அதில் ஸ்பூனை நட்டால் நின்றது. ஈஸ்வரி ஊதுபத்தி குத்திப் பார்த்தாள், அதுவும் நின்றது. சேரன் நாவல்பழத்தைப் பிசைந்து கொட்டை எடுத்துக் கலந்தான். ஆனால் கிண்ணத்தில் கொடுத்தால் அவள் தயிர் என்று சொல்லிவிடுவாள் என்கிற பயம் அவனுக்கு. முதலில் வாங்கி மிஞ்சிய ரோஸ் கப்பைக் கழுவி, அதில் நிரப்பி, பழைய மூடியை இஸ்திரிப் பெட்டியால் லேசாகத் தேய்த்து ஒட்டினான். கடைக்காரனே ஏமாந்துபோவான்.

"இந்தா. கிடைச்சிருச்சு," என்று நீட்டினான்.

செம்மொழி வாங்கினாள். திறக்கவில்லை. தலைகீழாகக் கவிழ்த்தாள்.

"அண்ணே, கார்ன் சிரப் இருக்கு."

தஞ்சாவூர் ஜில்லாவில் உள்ள லேபிள் அத்தனையையும் லென்ஸ் வைத்துப் படித்தவன், தன் கையில் இருந்த லேபிளை மறந்துபோனான்.

"அது பொய்ம்மா."

"அச்சடிச்சிருக்கு."

"அச்சடிச்சதுதான் பொய்யிங்கிறேன். உள்ள இருக்கிறது நான் போட்டது."

செம்மொழி கப்பைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். ஆபீஸில் யாரையாவது மாட்டிவைக்கும்போது உட்காருவதுபோல நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சரி. அப்ப இதுல என்னென்ன இருக்கு, நீயே சொல்லு."

"பாலு."

"யாரு வீட்டுப் பாலு?"

"குந்தவை அக்கா மாடு."

"அப்புறம்?"

"நம்ம வீட்டு உறை மோரு. பாபநாசத்து நாவப்பழம். அவ்வளவுதான். அம்மா மேல சத்தியம்."

"என்னை ஏண்டா இழுக்கிற?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"மாடு என்ன திங்குது?"

"வைக்கோலு, பச்சைப் புல்லு, தவிடு..." சேரன் நிறுத்தினான்.

"ம், சொல்லு."

மறைத்துவிடலாம்தான். ஆனால் காது விஷயம். பொய் சொல்லிக் கொடுத்தது கணக்கில் வருமா வராதா என்று யாருக்குத் தெரியும்?

"கொஞ்சம் மக்காச்சோள மாவு," என்றான்.

வழக்கம்போல் காபிக்கு வந்திருந்த துரைராசு டம்ளரை வைத்துவிட்டார். மின்விசிறிகூட மெதுவாகச் சுற்றுவதுபோல இருந்தது.

"பாகு காய்ச்சித் திங்குதா?" என்றாள் செம்மொழி.

"இல்ல. தண்ணியில கரைச்சு."

"அப்பப் பரவால்ல."

மூடியைக் கிழித்தாள். ஒரு ஸ்பூன் தின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு ஸ்பூன். அப்புறம் அடிவரை வழித்துத் தின்றுவிட்டு, ஊதா நாக்கால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"யோகர்ட் மாதிரியா இருக்கு?"

"இல்ல."

சேரனின் கை இடது காதுக்குப் போனது.

"ஆனா ஆசை போயிடுச்சு," என்றாள் அவள்.

"முழுசாவா?"

"முழுசா. அது போயி இப்ப வேற ஒண்ணு வந்திருக்கு."

"என்னம்மா?"

"நாகூர் வாடா."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. துரைராசு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப நான் வர்றேன். வயல்ல தண்ணி மடை மாத்தணும்."

"மாமா, வண்டியில ஏறுங்க," என்றான் சேரன்.

"நான் எதுக்கு மாப்ள?"

"பூனை வந்தா பிடிக்கணும்ல."

நாகூரில் சுடச்சுட இரண்டு பொட்டலம் வாங்கினார்கள். திரும்பி வரும் வழி முழுக்கத் துரைராசு இரண்டையும் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணிமைக்காமல் உட்கார்ந்திருந்தார். திருவாரூர் தாண்டும்போது மட்டும் சேரனைத் தன் தொடையில் கிள்ளச் சொன்னார்.

ஒரு பொட்டலம் செம்மொழிக்கு. இன்னொன்றைத் துரைராசுவே கொண்டுபோய் அக்காவிடம் நீட்டினார்.

"எனக்கு எதுக்குடா இந்த வயசுல," என்றாள் ஈஸ்வரி. சொல்லிக்கொண்டே ஒன்றைக் கடித்தாள். கடைசி வாடாவையும் மென்று முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "இறால் சின்னதா இருக்கு. அப்பவே வாங்கியாந்திருந்தா பெருசா இருந்திருக்கும்."

மறுநாள் காலை சேரன் வலது காது தலையணையில் புதைய ஒருக்களித்துப் படுத்திருந்தான். அந்தப் பக்கம் படுத்தால் அவனுக்கு உலகமே அமைதி. ஆனால் அன்றைக்குக் குந்தவை அக்காவின் மாடு தீவனத் தண்ணீரை உறிஞ்சுகிற சத்தம், ஏதோ அவன் தலைமாட்டிலேயே நின்று குடிப்பதுபோலக் கேட்டது. எழுந்து உட்கார்ந்தான். வலது காதை விரலால் அடைத்துப் பார்த்தான். மாடு இன்னும் குடித்துக்கொண்டுதான் இருந்தது.

காது டாக்டர், நாகூர் ரோட்டுப் பள்ளங்களில் வண்டி குதித்ததில் பழைய அழுக்கு உதிர்ந்திருக்கலாம் என்றார். பாவம், படித்தவர், அவருக்கு என்ன தெரியும் என்று ஊர் அவரை மன்னித்துவிட்டது.

ஆவணியில் செம்மொழிக்குப் பெண் பிறந்தது. பார்க்க வந்தவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, மூக்கைப் பார்க்கவில்லை, நேராகக் காதைத்தான் மடக்கிப் பார்த்தார்கள். கழுவிவைத்த சங்குபோல இருந்தன இரண்டும். காதுகுத்து நாளில் சேரன் புதுப் பட்டு வேட்டி கட்டி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்தான். பத்தர் இரண்டு காதையும் குத்தி முடித்தார். வேட்டியில் ஒரு சொட்டு இல்லை.

சொன்ன வாக்குத் தவறக்கூடாது என்று துரைராசு பிளாஸ்டிக் ஷீட் கொண்டுவந்திருந்தார். அதை யாரும் பிரிக்கவில்லை. பந்தல் ஓரத்தில் மடித்தபடியே கிடந்தது. மேலே ஒரு கிழட்டுப் பூனை படுத்திருந்தது. எந்த ஊர்ப் பூனை என்று யாருக்கும் தெரியவில்லை. துரைராசு மட்டும் அதை வெகுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.