காய்ச்சல் இல்லாத குழந்தை

தெர்மாமீட்டர் காய்ச்சல் இல்லை என்று சொன்னதால், குழந்தைக்கு நோயும் இல்லை என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

"தொட்டுப் பாருங்க அத்தை, சில்லுன்னு இருக்கு. காலையில இருந்து பாலே குடிக்கல," என்றாள் சின்ன மருமகள்.

"சூடா இருந்தாத்தான் பயப்படணும். சில்லுன்னு இருந்தா என்னவாம்?" என்றாள் மாமியார். "நானும் ரெண்டு பெத்தவதான். எவ்வளவு சாதுவாப் படுத்திருக்கு பாரு, பெரியப்பன் மாதிரி."

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத இந்தப் பிள்ளை அழவும் இல்லை, குடிக்கவும் இல்லை. வாயில் போன துளிப் பாலும் கடைவாயில் வழிந்தது. சின்ன மருமகள் எழுந்தாள். குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

பிள்ளை பெற்றவள் தனியாகத் தெருவில் நடந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற கவலையில் கணவன் வாடகைக் காரைக் கூப்பிட்டான். டாக்டரிடம் இவள் என்னத்தைச் சொல்லித் தொலைப்பாளோ என்ற கவலையில் மாமியாரும் ஏறிக்கொண்டாள். ஆக, எல்லோருக்கும் கவலை இருந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். "வெள்ளை அணு ரொம்பக் குறைஞ்சு போச்சு," என்றாள் டாக்டரம்மா.

மாமியாரின் முகம் மலர்ந்தது. "குறைஞ்சா நல்லதுதானே? எனக்குக் கால்ல சீழ் வெச்சப்ப, கூடிப்போச்சுன்னுதானே பயமுறுத்தினாங்க!"

"உங்க உடம்புல கிருமி புகுந்தா புதுசு புதுசா அணு வந்து சண்டை போடும்மா. பிறந்த குழந்தைக்குக் கையிருப்பே கொஞ்சம்தான். அத்தனையும் செலவாயிடுச்சு. காய்ச்சல் அடிக்கக்கூட அதுக்குத் தெம்பில்ல. உடனே நரம்பு வழியா மருந்து ஏத்தணும். முதுகுத் தண்டுல இருந்து நீர் எடுத்தும் பார்க்கணும்."

"முதுகுல ஊசியா? பெரியவனைக் கேக்காமலா?"

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாமனார் போன பிறகு, மூத்த மகன் சரி என்று சொல்லாமல் கதவுக்குச் சாயம்கூட அடிக்க மாட்டார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. மூத்தவர் மதியம் சாப்பிட்டுப் படுத்தால், அவராக எழும்வரை யாரும் எழுப்பக் கூடாது. இரண்டு வழக்கங்களும் அன்றுவரை ஒன்றோடொன்று மோதிக்கொண்டதில்லை.

கணவன் வீட்டுக்குப் போன் போட்டான். அண்ணிதான் எடுத்தாள். "இப்பத்தான் கண்ணசந்தாரு தம்பி. எழுப்பினா வீடே ரெண்டாயிடும்," என்று கிசுகிசுத்தாள். அவனும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி, அண்ணன் தூக்கம் கலைந்துவிடாமல், "சரி அண்ணி, எழுந்ததும் சொல்லுங்க," என்று கிசுகிசுத்தான்.

குழந்தையின் உதடு வெளுத்துக்கொண்டிருந்தது. சின்ன மருமகளுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் பெரிதாக வந்தது.

"பெத்தவ சொன்னா செய்வீங்களா டாக்டர்?"

"செய்வேன்."

"அப்ப செய்யுங்க."

"ஏன்டி, உனக்கென்ன அவ்வளவு அவசரம்?" என்றாள் மாமியார்.

"எனக்கில்ல அத்தை, குழந்தைக்கு."

குழந்தை பிழைத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் உறவுக்காரர்கள் பார்க்க வந்தார்கள். மாமியார் நடுக்கூடத்தில் உட்கார்ந்து கதையைச் சொன்னாள். "பெரியவன் மட்டும் அன்னிக்குச் சட்டுனு முடிவெடுக்கலைன்னா, இந்தப் பிள்ளை நமக்கில்ல. வேற யாருக்கு அந்தத் தைரியம் வரும்?"

மூத்தவர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். தான்தான் முடிவெடுத்தோம் என்று இதற்குள் அவரே நம்பத் தொடங்கியிருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று எல்லோரும் சின்ன மருமகளைப் பார்த்தார்கள்.

"அவர் தூங்கிட்டிருந்தாரு," என்றாள் அவள். "நான்தான் சொன்னேன்."

"பச்சை உடம்புக்காரி, ஏதோ உளர்றா," என்று மாமியார் சிரித்து மழுப்பினாள்.

"உளறல அத்தை," என்றாள் அவள், குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு. "இனிமேலும் நான்தான் சொல்லுவேன்."