சொல்லாத பேர்

அரபு நாட்டில் சண்டை ஓய்ந்துவிட்டது. ஊர் திரும்பக் கப்பல் வரும்வரை பட்டாளத்து ஆட்களைச் சும்மா வைத்திருந்தால் தங்களுக்குள் அடித்துக்கொண்டு மாள்வார்கள் என்று நினைத்தானோ என்னவோ, வெள்ளைக்கார அதிகாரி ஒருநாள் எல்லோரையும் லாரியில் ஏற்றி, ரோமாபுரி ராசாக்கள் கட்டியாண்ட ஒரு பாழும் பட்டணத்தைப் பார்க்க அனுப்பினான். இடிந்த சுவரைப் பார்க்கவா கடல் தாண்டி வந்தோம் என்று மற்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். சோலை முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தான்.

அவனுக்குத் தூணும் வேண்டாம், கோட்டையும் வேண்டாம். போன குளிர்காலத்தில் அவர்கள் கூடாரம் அந்தப் பட்டணத்து வாசலுக்கு வெளியேதான் இருந்தது. தங்கச்சி புருசன் கன்னையன் அங்கேதான் காய்ச்சலில் செத்தான். புதைத்த அன்று சோலையும் அதே காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தான். அந்தப் புதைமேட்டிலிருந்து ஒரு பிடி மண்ணாவது எடுத்துப்போய்த் தங்கச்சி கையில் கொடுக்க வேண்டும்.

போடி மலையில் ஏலக்காய்ப் பொதியேற்றிக் கழுதை பத்திக்கொண்டிருந்த கன்னையனை, "கோவேறு கழுதைப் பட்டாளத்துல சேருவோம், வா மாப்ளே" என்று இழுத்துவந்தவன் சோலைதான். ஆள் எடுக்க வந்தவன் புருசன் பேரைக் கேட்டபோது தங்கச்சி அன்னக்கொடி வாய் திறக்கவில்லை. புருசன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்த பெண். அண்ணன்தான் பேரைச் சொன்னான். கிளம்பும்போது அவள், "அண்ணே, ஒத்தையா மட்டும் திரும்பி வந்துராத" என்றாள்.

பட்டணத்தைச் சுற்றிக்காட்ட ஓர் அரபிக் கிழவர் வந்தார். அவர் சொன்னதைத் தமிழில் சொன்னவர், பட்டாளத்துச் சமையல்காரரான காயல்பட்டணத்து மரைக்காயர். இது கடைத்தெரு, இது கூத்துப் பார்த்த இடம், இது குளித்த மண்டபம். கல் பாவிய தெருவில் வண்டித்தடம் பள்ளமாக விழுந்திருந்தது. கிழவர் ஒரு கல்லை நிமிர்த்தி, எழுத்தை விரலால் தடவினார். படித்துச் சொன்னாரோ, யாரோ சொன்னதைச் சொன்னாரோ, அது அவருக்கே வெளிச்சம்.

"செத்துப்போன சிப்பாயாம்" என்றார் மரைக்காயர். "பேரு மார்க்கஸாம். ஊர்ல இருந்த பொண்டாட்டி வச்ச கல்லாம். ஆயிரம் வருசத்துக்கும் மேல ஆச்சாம்."

சோலை அந்த எழுத்தை ஒருதரம் தடவிப் பார்த்தான். சொல்லாமல் கொள்ளாமல் வாசலுக்கு வெளியே ஓடினான். மேடுகள் வரிசையாக இருந்தன. பேர் எழுதி நட்டிருந்த பலகை ஒன்றையும் காணோம். குளிருக்கு யாரோ பிடுங்கி எரித்துவிட்டார்கள் என்று மரைக்காயரோடு பின்னாலேயே வந்த கிழவர் கையை விரித்தார். எந்த மேடு மாப்பிள்ளை? ஒவ்வொரு மேடாகக் கை வைத்துப் பார்த்தான். மண் என்ன சொல்லும்? கடைசியில் துண்டை விரித்து, எல்லா மேட்டிலும் ஒவ்வொரு சிட்டிகை அள்ளி முடிந்துகொண்டான்.

சாவுச் செய்தி அவனுக்கு முன்பே ஊருக்கு வந்திருந்தது. மலைச்சரிவில் ஏலத்தோட்டத்தை ஒட்டிய குடிசையில் அன்னக்கொடி முடிச்சை வாங்கி அவிழ்த்தாள். கருப்பும் சிவப்புமாகக் கலந்து கிடந்த மண்ணைப் பார்த்தாள்.

"இதுல அவுக எது?"

பொய் சொல்லிவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தான். வாய் வரவில்லை. "தெரியல ஆத்தா. பேர்ப்பலகைய எரிச்சுப்புட்டாங்க. எல்லா மேட்டுலயும் அள்ளுனேன்."

காறித் துப்புவாள் என்று தலைகுனிந்து நின்றான். அவள் முடிச்சைத் திரும்பக் கட்டிக்கொண்டாள். கன்னையன் கழுதைகளுக்குத் தண்ணி காட்டும் ஓடைக்கரைக்குப் போய், குழி பறித்து மண்ணைப் போட்டு மூடினாள். இலை விரித்துச் சோறு வைத்தாள்.

"இந்தாருங்க, வாங்க" என்று கூப்பிட்டவள் சட்டென்று நிறுத்தினாள். அந்த மண்ணில் இருக்கிற அத்தனை பேரையும் அவனவன் பொண்டாட்டி இப்படித்தானே கூப்பிட்டிருப்பாள். கூப்பிட்டது யாரை என்று தன் புருசனுக்கு எப்படித் தெரியும்?

அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். "இனிமே அவுக ஆயுசுல கொறையுறதுக்கு என்னண்ணே இருக்கு?"

சோலை காதைப் பொத்திக்கொண்டான். பொத்தியும் கேட்டது.

"கன்னையா! சோறு ஆறுதுய்யா. வா, கன்னையா!"